பின்கோட்டுக்கு ஒரு விரல் வெளியே

1987 ஜூனில் பாரிஸ் செம்மண் டென்னிஸ் போட்டியின் மைய ஆடுகளத்தில் விழுந்த ஒரு பந்தின் தடம் முப்பத்தொரு வருஷம் அழியாமல் கிடந்தது. அந்த வருஷம் அரங்கில் ஒரு சாண்ட்விச் பதினெட்டு ஃபிராங்க் விற்றது. பெண்கள் இறுதியாட்டத்தன்று மழை பெய்யவில்லை. தடம் ஒரு சிப்பி ஓட்டின் நீளம் இருந்தது. பின்கோட்டுக்கு ஒரு விரல் வெளியே, சாய்வாகக் கிடந்தது.

அன்று உயர நாற்காலியில் இருந்த நடுவர் ஓடீல் வாசெர். கடலோரத்துக் கான்கால் ஊர்க்காரி மயேல் டாங்கிக்குக் கோப்பை ஒரே புள்ளி தூரத்தில் இருந்தது. எதிராளி மூலையிலிருந்து குறுக்கே அடித்த பந்து வெளியே விழுந்ததை மயேல் பார்த்தாள். கோட்டு நடுவர் வாய் திறக்கவில்லை. செம்மண்ணில் ஆடுகிறவர்கள் இப்படிச் சந்தேகம் வந்து ஆட்டத்தை நிறுத்தினால், எந்தத் தடம் என்று நடுவருக்குத் தெரிய முதலில் மட்டையால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். மயேல் வட்டம் போடவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று கைகளைத் தூக்கிக்கொண்டு வலையை நோக்கி ஓடினாள். ஓடீல் இறங்கி வந்தபோது அங்கே இரண்டு தடங்கள் இருந்தன. கோட்டைத் தொட்டிருந்ததைக் காட்டி “உள்ளே” என்றாள், வழக்கப்படி அதைக் காலால் தேய்த்து அழித்தாள். திரும்பி ஓரடி வைத்தபோதுதான் தெரிந்தது: அழித்த தடம் நேராக இருந்தது, குறுக்கே வந்த பந்து சாய்வாகத்தான் பதியும். பதினாலாயிரம் பேர் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடீல் ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள். மயேல் அந்தப் புள்ளியையும், அடுத்த முக்கால் மணி நேரத்தில் கோப்பையையும் இழந்தாள்.

சாயங்காலம் களப் பணியாட்கள் தரைமேல் ஒரு கனத்த வலையை இழுத்து மண்ணைச் சமப்படுத்தினார்கள். தடம் அப்படியே இருந்தது. தண்ணீர் அடித்தார்கள், உருளை ஓட்டினார்கள். குளிர்காலத்தில் செங்கல்பொடியைச் சுரண்டியபோது கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லிலும் அது இருந்தது. அதையும் தோண்டியபோது அடியிலிருந்த கரிக்கசடு அடுக்கில் இருந்தது, அதற்கும் கீழே சரளையில் இருந்தது. புதிதாக எல்லாம் நிரப்பியதும் மேலே வந்து தன் இடத்தில் படுத்துக்கொண்டது. பணியாட்களின் தலைவர் பாப்டிஸ்ட் லெமுவான், தன் ஆட்களில் லீவு கேட்காதது இது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். ஐந்து முறை கோப்பை வென்ற அர்ஜென்டினாக்காரரும், பத்தொன்பது வயதில் வென்ற செக் பெண்ணும், யாரும் சொல்லாமலே, தூங்குகிற நாயைத் தாண்டுவதுபோல் அதைத் தாண்டி ஆடினார்கள். பதினொரு இறுதியாட்டங்களை நடத்திய ஓடீலின் கண் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தரம் அங்கே போய்வந்தது. ஒருநாள் பாப்டிஸ்ட் அவள் நாற்காலியின் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “மேடம், நானும் எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். அது எங்கிட்ட எதுவும் கேக்கல. உங்களத்தான் பாத்துட்டிருக்கு. என்ன விஷயம்?” ஓடீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்.

ஓய்வு பெற்ற அடுத்த வசந்தத்தில் அவள் ரயிலேறிக் கான்காலுக்குப் போனாள். சொல்வதற்கென்று கிளம்பவில்லை, பார்த்துவிட்டு வரத்தான் கிளம்பினாள். துறைமுகத்தில் மயேல் சிப்பி விற்றுக்கொண்டிருந்தாள், தலை நரைத்திருந்தது. கூடையை நீட்டிய மீனவர் ஒருவர், “ஒரு டஜன், மயேல். எண்ணி முடிக்கறதுக்குள்ள கையத் தூக்கிட்டு ஓடிறாத” என்றார். பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். மயேலும் சிரித்தபடி எண்ணினாள். அந்தச் சிரிப்பு முப்பத்தொரு வருஷப் பழக்கம் என்பது ஓடீலுக்குப் புரிந்தது. வரிசையில் தன் முறை வந்ததும் அவள் சிப்பி கேட்கவில்லை.

“அன்னைக்குப் பந்து வெளியதான் விழுந்துச்சு. நான் வேற தடத்தக் காட்டிட்டேன். தெரிஞ்சும் ஏறி உக்காந்துட்டேன்.”

மயேல் கத்தியைக் கீழே வைத்தாள். “எனக்கே சந்தேகம் வந்துருச்சு மேடம்” என்றாள். “இத்தன பேர் சொன்னா, நாம பாத்தது நமக்கே நம்பிக்கையில்லாமப் போயிருது.”

போட்டி தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, காலையில், பாப்டிஸ்ட் இருவரையும் ஆடுகளத்துக்குள் விட்டார். ஓடீல் முழங்கால் வலியோடு குனிந்து, விரலால் சாய்ந்த தடத்தைக் காட்டி, காலி இருக்கைகளுக்கெல்லாம் கேட்கும்படி “வெளியே” என்றாள். வழக்கப்படி அழிப்பதற்குக் காலைத் தூக்கினாள். “ஒரு நிமிஷம் மேடம்,” என்று மயேல் தடுத்து, பணியாட்களின் துடைப்பத்தை வாங்கிக் காம்பைத் திருப்பிப் பிடித்து, தடத்தைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டாள். பிறகு ஓடீல் தேய்த்தாள். தடம் மற்ற தடங்களைப்போல ஒரே தேய்ப்பில் போய்விட்டது.

தவற்றை ஒப்புக்கொண்டு ஓடீல் எழுதிய கடிதத்துக்குப் போட்டிக் குழு மரியாதையாகப் பதில் அனுப்பியது: முடிவுகள் மாறா. வெற்றியாளர் பலகையில் பழைய பெயரே இருக்கிறது. ஓடீல் தன் கடிதத்தின் நகலையும் அந்தப் பதிலையும் கான்காலுக்கு அனுப்பிவைத்தாள். மயேல் இரண்டையும் சட்டம் போட்டுத் தராசுக்கு மேலே மாட்டினாள், மீனவர் வேறு கேலி தேடிக்கொண்டார். வட்டம் மட்டும் போகவில்லை. வலை இழுத்தும், தண்ணீர் அடித்தும், மண்ணையே மாற்றியும் அங்கேயே இருக்கிறது. வருஷா வருஷம் போட்டிக்கு முந்தைய நாள் நடுவர்களிடம் மற்ற விதிகளோடு இதையும் படித்துக்காட்டுகிறார்கள்: வடக்குப் பின்கோட்டருகே உள்ள வட்டம் இப்போது ஆடுகிறவர்களுடையது அல்ல, அதற்காக நாற்காலியை விட்டு இறங்க வேண்டாம், அந்தப் பந்துக்குத் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.