பில் இல்லாத அறுபது லிட்டர்

டெமா துறைமுகத்துக்குப் பின்னால் அந்த ஆலையைக் கட்டி முடித்தபோது அதில் எல்லாம் இருந்தது. வெளிநாட்டுக் காசு இருந்தது, வெள்ளி நிறத் தொட்டிகள் இருந்தன, சுவரில் ஆளுயர எழுத்தில் 'வீணாகும் சமையல் எண்ணெயிலிருந்து டீசல்' என்று எழுதியிருந்தது. வீணாகும் சமையல் எண்ணெய் மட்டும் இல்லை.

டெமாவில் எந்தக் கடைக்காரியைக் கேட்டிருந்தாலும் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பாள். காலையில் ஊற்றிய எண்ணெயில் முதலில் வாழைப்பழம் பொரியும், மதியம் வள்ளிக்கிழங்கு, சாயங்காலம் மீன். மீன் பொரித்த எண்ணெய் மிளகாய்த் தொக்குக்குப் போகும். அதிலும் மிஞ்சிய கசடைச் சோப்புக் காய்ச்சுகிறவள் வந்து வழித்துக்கொண்டு போவாள். ஆனால் திட்டம் தீட்டியவர்கள் கடைக்காரிகளைக் கேட்கவில்லை. கணினியைக் கேட்டார்கள். இத்தனை லட்சம் பேர், ஆளுக்கு இத்தனை லிட்டர் வீண் என்று அது கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது.

ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எமெஃபா என்ற ரசாயனக்காரி நான்கு வருடமாகத் தற்காலிகமாக இருந்தாள். தற்காலிகம் என்றால் வேலை நிரந்தரமாக உண்டு, மருத்துவச் செலவும் விடுமுறையும்தான் கிடையாது. "உண்மையான பழைய எண்ணெயில ஒரு தடவை டீசல் எடுத்துச் சான்றிதழ் வாங்கிக் காட்டு. மறுநாளே உன்னை நிரந்தரம் பண்ணிடறேன்" என்று இயக்குநர் டாக்டர் ஒகாய் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் கொடுப்பதில் அவருக்கு எந்தக் காலத்திலும் தட்டுப்பாடு இருந்ததில்லை.

முதல் முயற்சியை டாக்டரே செய்தார். எங்கோ ஒரு பெரிய ஓட்டலில் கெஞ்சி இருநூறு லிட்டர் பழைய எண்ணெய் வாங்கி வந்திருந்தார். புது எண்ணெய்க்கு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து சூடாக்கினால் போதும், டீசல் மேலே நிற்கும். பழைய எண்ணெயில் தண்ணீரும் புளிப்பும் ஏறியிருக்கும். தண்ணீரை விரட்டி, அமிலம் விட்டுப் புளிப்பை அடக்கிய பிறகுதான் காஸ்டிக்கைத் தொட வேண்டும். எமெஃபா இதை இரண்டு முறை சொன்னாள். தற்காலிகப் பணியாளர் சொல்வதைக் கேட்பதற்கா அவர் வெளிநாட்டில் ஆறு வருடம் படித்தார்? காஸ்டிக்கை நேரே கொட்டினார். மறுநாள் தொட்டி நிறையச் சோப்பு.

ஆலை வாசலில் பழம் பொரித்து விற்கும் கடை போட்டிருந்த நாக்கி அக்கா எட்டிப் பார்த்தாள். "எங்க சித்தி இதையே ஒரு சட்டியில பண்ணுவா, டைரக்டர் ஐயா. இதுக்குப் போய் இவ்வளவு பெரிய கொட்டகையா?"

அதற்குப் பிறகு டாக்டருக்கு ஞானம் பிறந்தது. பழைய எண்ணெய் கிடைக்காவிட்டால் என்ன, புது எண்ணெயைப் பழையதாக்கிவிட்டால் போயிற்று. ஆலை வளாகத்துக்குள்ளேயே ஆறு பெரிய அடுப்புகளோடு ஒரு கூடம் எழும்பியது. வாசலில் 'தங்க வாழை உணவகம்' என்று பலகை மாட்டி, உரிமமும் வாங்கினார்கள். சாப்பிட வருகிறவர்கள்தான் யாரும் இல்லை. டின் டின்னாகப் புது எண்ணெய் வரும். ஒரு மணி நேரம் அதில் வாழைப்பழம் பொரியும். பிறகு அது 'பயன்படுத்திய எண்ணெய்' என்று பில்லோடு பத்தடி தள்ளியிருக்கும் ஆலைக்குப் போகும். பொரித்த பழத்தைத் தின்று தின்று காவலாளிக்கு இடுப்புப் பட்டையில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. அடுப்பெல்லாம் எரிந்தது டீசலில்.

ஆலை இப்படி அள்ளியதில் சந்தையில் புது எண்ணெய் விலை ஏறியது. நாக்கி அக்காவுக்குக் கட்டுப்படியாகவில்லை, கடையை மூடினாள். டாக்டர் பெரிய மனது பண்ணி அவளையே கூடத்தில் பொரிக்க வைத்துக்கொண்டார். திட்டத்தின் ஆண்டறிக்கையில் அது 'பெண்களுக்கு வேலைவாய்ப்பு' என்று வந்தது.

எமெஃபாவுக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருந்தது. பழைய எண்ணெயில் டீசல் வராது என்றால் போகட்டும். வரும் என்று தெரிந்திருந்ததுதான் எரிச்சல். மூன்று மாதம், தினமும் வேலை முடிந்ததும் நாக்கி அக்காவோடு ஆஷைமன் சந்தைக்கு நடந்தாள். சோப்புக்காரிக்கு முந்திக்கொண்டு நாற்பது கடைகளில் கசடு வாங்கினாள். கறுப்பு, நாற்றம், அடியில் மீன் முள். காய்ச்சினாள், துணியில் வடித்தாள், அமிலம் விட்டாள், பிறகு காஸ்டிக், பிறகு மூன்று தடவை கழுவல். கடைசியில் ஒரு பீப்பாயில் அறுபது லிட்டர் நின்றது, தேநீர் நிறத்தில். பற்ற வைத்தால் சுத்தமாக எரிந்தது. அன்று அவள் யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

சான்றிதழ் கொடுக்க ஹென்ரிக் என்ற வெளிநாட்டுத் தணிக்கையாளர் வந்தார். மரியாதை தெரிந்த மனிதர். உணவகத்தைப் பார்த்தார், பில்களைப் பார்த்தார், நாக்கி அக்கா பொரித்த பழத்தை மூன்று தட்டு தின்றார். ஆலையின் டீசல் அத்தனையும் 'வீணான எண்ணெயிலிருந்து' என்று தேறியது. ஏற்றுமதிக்காகத் தொட்டிகளுக்கு முத்திரை வைத்தார்கள்.

பிறகு எமெஃபாவின் பீப்பாய்க்கு வந்தார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இதுக்கு எண்ணெய் எங்க வாங்கினீங்க?"

"ஆஷைமன்ல, சார். நாற்பது கடை."

"பில்?"

"தெருக்கடை சார். பில் ஏது? வேணும்னா அவங்க பேரெல்லாம் சொல்றேன். வாங்க, நேர்லயே காட்டறேன்."

ஹென்ரிக் உண்மையாகவே வருத்தப்பட்டார். விதிப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். பில் இல்லாத எண்ணெய் புது எண்ணெயாகவே கருதப்படும்.

"மோந்து பாத்தீங்களே சார். புது எண்ணெய்ல மீன் நாறுமா?"

"மூக்கை அறிக்கையில ஒட்ட முடியாதும்மா. சந்தையில புது எண்ணெய் வாங்கிப் பழசுன்னு ஏமாத்தறவங்க நிறைய இருக்காங்க. அவங்களைப் பிடிக்கத்தான் இந்த விதி."

டாக்டர் ஒகாய் தலையை ஆட்டினார். அப்படிப்பட்டவர்களும் உலகத்தில் இருக்கிறார்களா என்ற திகைப்பு அவர் முகத்தில் நன்றாகவே வந்திருந்தது. எமெஃபாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"புது எண்ணெயில பண்ணினதுதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுடு. ஆலை பேரு தப்பிக்கும். உன் நியமனக் கடிதம் என் மேசையிலதான் இருக்கு, சாயங்காலமே கையில தர்றேன். கூடத்துக்கு நீதான் மேலாளர்."

"எந்தக் கூடத்துக்கு, சார்?"

"பொரிக்கிற கூடத்துக்குத்தான். எந்த அளவு அழுக்கானா போதும்னு உனக்குத்தானே தெரியும்."

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. ஜன்னல் இல்லாத அறை. சான்றிதழ் அச்சாக வேண்டிய நேரம். ஜெனரேட்டரில் டீசல் சொட்டுக்கூட இல்லை, எண்ணெயை அழுக்காக்குவதிலேயே தீர்ந்துபோயிருந்தது. தொட்டியில் உள்ளதைத் தொடக்கூடாது, முத்திரை வைத்தாயிற்று.

"எமெஃபா, உன் பீப்பாயிலேருந்து ஊத்தும்மா. எப்படியும் கழிச்சுக் கட்டற சரக்குதானே" என்றார் டாக்டர்.

அவள் ஊற்றினாள். ஜெனரேட்டர் ஒரு முறை இருமிவிட்டு ஓடியது. சீராக, புகையில்லாமல் ஓடியது. முற்றம் முழுக்கப் பொரித்த மீன் வாசம். விளக்கு எரிந்தது, குளிர்சாதனம் ஓடியது, அந்த வெளிச்சத்தில் ஹென்ரிக் அவளுடைய டீசல் ஏற்கத்தக்கதல்ல என்று தட்டச்சு செய்து முடித்தார். அச்சுப்பொறி ஆலையின் சான்றிதழை மெல்ல வெளியே தள்ள ஆரம்பித்தது. ஒப்புதல் தாளும் பேனாவும் அவள் முன்னால் வந்தன.

நான்கு வருடம் இந்தக் கடிதத்துக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பேனாவைக் கையில் எடுத்தாள் என்பதும் உண்மை. ஆனால் பேர் எழுதும் இடத்துக்கு மேலே 'ஏமாற்றும் நோக்கத்துடன்' என்று இருந்தது. அதைப் படித்ததும் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பேனாவை மூடி வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள். ஜெனரேட்டருக்கு டீசல் போகும் குழாயைத் திருகி அடைத்தாள்.

உள்ளே இருட்டு. சான்றிதழ் பாதியில் நின்றது, முத்திரை வர வேண்டிய பாதி அச்சுப்பொறிக்குள் மாட்டிக்கொண்டது.

"என்ன ஆச்சு?" என்று டாக்டர் தட்டுத் தடுமாறி வாசலுக்கு வந்தார்.

"புது எண்ணெய்ல பண்ணின கள்ளச் சரக்குன்னு சார் எழுதிட்டாரே. கள்ளச் சரக்குல விளக்கேத்தி நல்ல சான்றிதழ் அடிக்கலாமா, சார்? பின்னால ஆலை பேரு கெட்டுடும். அதான் நிறுத்திட்டேன்."

"உன் வேலை போயிடும், எமெஃபா."

"தற்காலிகம்தானே, சார்."

நாளை முதல் வாடகைக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேன் நிலையத்தில் டீசல் இல்லாமல் நிற்கும் ஓட்டுநர்கள் பில் கேட்பதில்லை என்பது மட்டும் தெரியும். பீப்பாயின் மூடியை இறுக்கிவிட்டுப் பொரிக்கும் கூடத்தின் பக்கம் திரும்பினாள்.

"நாக்கி அக்கா, இன்னும் அம்பது லிட்டருக்கு மேல இருக்கு. உருட்ட ஒரு கை வேணும்."

நாக்கி அக்கா ஆறு அடுப்பையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். "இரு, கையைத் துடைச்சிட்டு வர்றேன்" என்றாள்.