லூயி துரை புதைத்த எழுபத்து மூன்று பேர்

சத்தியநேசனிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுவிட்டால் போதும், பாளையங்கோட்டையில் தொடங்கி பிரான்சில்தான் போய் நிற்பார். "எங்க பூட்டனுக்குப் பூட்டன் லூயி துரை, பிரெஞ்சுப் பட்டாளத்துத் தளபதில்லா வே!" என்பார். இந்த வருஷக் கோயில் அசனத்தில், ஊர் கூடிச் சாப்பிடும் முன்னே, அந்தப் பெருமையை மைக்கில் வாசிக்கும் பொறுப்பைத் தம்பி மகள் ஸ்டெபியிடம் கொடுத்திருந்தார்.

ஸ்டெபி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ஆற்றங்கரைக் கோயிலின் பழைய பதிவேட்டை மூன்று மாதம் குடைந்தாள். லத்தீனைப் பங்குச் சாமியார் படித்துச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். கடைசியில் அகப்பட்டார் லூயி. தளபதியாவது, மண்ணாங்கட்டியாவது! பட்டாளத்துச் சமையல்காரர். அதுவும் பாதியில் ஓடிவந்தவர். காலரா வந்த வருஷம், பிணத்தைத் தொட ஒருத்தரும் வராதபோது, தனியாளாக எழுபத்து மூன்று பேருக்குக் குழி வெட்டிப் புதைத்திருக்கிறார்.

ஸ்டெபிக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. இப்பேர்ப்பட்ட மனுஷனையா வெறும் தளபதி என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

பெரியப்பாவுக்கோ முகம் செத்துப்போனது.

"ஏ பிள்ள, குழிவெட்டி வம்சம்னு ஊரே சிரிக்குமே. நான் தலை நிமிந்து நடக்க வேண்டாமா? இதை வாசிச்சுறாத."

"பொய்யை நான் வாசிக்க மாட்டேன் பெரியப்பா."

"அப்படின்னா நான் அங்கன வரவே மாட்டேன்."

ஆனாலும் வந்தார். கூட்டத்தின் கடைசியில், பந்தல்காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஸ்டெபி மைக்கைப் பிடித்தாள். உள்ளதை உள்ளபடி சொன்னாள். கூட்டம் குசுகுசுத்தது. யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தாமல், பதிவேட்டில் இருந்த, புதைக்கப்பட்டவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினாள். "தோணிக்கார இசக்கி, அவன் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள்..."

"நில்லு தாயி!" கூட்டத்திலிருந்து சந்தனமாரி எழுந்தாள். மேலத்தெருவில் தோணிக்கார வீடு என்றால் அவள் வீடுதான். "அது எங்க ஆளுவ! ஒரே ஒரு பிள்ளைய மட்டும் சித்திக்காரி தூக்கிட்டுப் போயி வளத்தாளாம். மத்தவங்களை எங்க போட்டாவன்னே தெரியலன்னு எங்க வீட்டுல இன்னும் சொல்லுவாவ. மண்ணு போட ஒரு மனுஷன் இருந்திருக்கானே!" என்று ஓவென்று அழுதாள்.

அதற்குமேல் யார் சிரிப்பார்கள்? "எங்க வீட்டுப் பேரு இருக்கா, பாரு பிள்ள" என்று நாலாபக்கமிருந்தும் எழுந்து வந்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சத்தியநேசன் வந்தார். கண் கலங்கியிருந்தது, அதட்டல் மட்டும் குறையவில்லை.

"தள்ளுங்க வே! ஒவ்வொருத்தரா வாங்க. ஏ பிள்ள, முதல்லேருந்து சத்தமா வாசி. எங்க பாட்டன் புதைச்ச ஆளுவ, ஒரு பேரும் விட்டுப்போகப்படாது!"