செடியம்மா போட்ட வேலி

மலை உச்சியை ஒட்டி, மரங்கள் சேற்றில் நிற்கும் சதுப்புக் காடு. அங்கே பதினெட்டு வருஷமாகச் செடி எண்ணுவதுதான் செடியம்மாவின் உத்தியோகம். எல்லாச் செடியையும் எண்ணினாலும் உயிர் என்னவோ ஒன்றின் மேல்தான்: சுண்டுவிரல் உயரம், ஒற்றை வெள்ளைப் பூ, வேறெங்கும் இல்லை. பெற்ற மகளின் பிறந்தநாள் மறந்துபோகும், இதன் கணக்கு மறக்காது. கடைசியாக எண்ணியபோது நானூற்றுப் பன்னிரண்டு.

கண்டவர்களும் மிதித்தே இதை ஒழித்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். அதற்காக மேலதிகாரியின் உயிரை எடுத்து, சதுப்பைச் சுற்றி வேலி போடவைத்தாள். விதியையும் அவளே எழுதினாள்: மூன்று வருஷத்துக்கு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, ஆய்வாளர் உட்பட. காவலுக்குக் கொழுந்தனைச் சேர்த்துவிட்டாள். வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தவன்தான், சீருடை ஏறியதும் ஆளே மாறிவிட்டான்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு நாள் அனுமதியோடு உள்ளே போனாள். பாசி மெத்தையாக மூடிக் கிடந்தது. கோரை இடுப்பளவு நின்றது. அவளுடைய செடி மட்டும் மருந்துக்குக்கூட இல்லை.

பழைய வரைபடத்தை விரித்தாள். செடிகளைக் குறித்த புள்ளிகள் வளைந்து வளைந்து ஒரே வரிசையில், காலடிக்கு ஒன்றாகப் போயின. அது அவள் பதினெட்டு வருஷம் நடந்த வழி. பாசியைக் கிழித்து அவள் பூட்ஸ் போட்ட குழிகளில்தான் அந்தச் செடி முளைத்திருக்கிறது. அட பாவி மகளே, காப்பாற்றுகிறேன் என்று நீயே கொன்றாயே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

"அண்ணி, நேரமாச்சு," என்று வேலிக் கதவருகிலிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான்.

"கொஞ்ச நேரம் மிதிச்சுட்டு வரேன் தம்பி."

"எண்ணத்தான் அனுமதி. மிதிக்கக் கூடாதுன்னு எழுதினதே நீங்கதானே? கையெழுத்து இருக்கு." கதவில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினான்.

அழுகையை அடக்கிக்கொண்டு, தலை குனிந்தபடி வெளியே வந்தாள். கதவுக்கு முன்னாலும் சேறுதான். அவன் மூன்று வருஷமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்த தடம். அதில் ஏழு வெள்ளைப் பூக்கள்.

அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, இதுதான் உங்க செடியா? தெரியாம மிதிச்சுட்டேன் அண்ணி. நாளைக்கே இங்கயும் வேலி போடச் சொல்றேன்."

"வேலின்னு இனிமே வாயைத் திறந்தே, தெரியும் சேதி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சும்மா நிக்காம நட."