ரத்தினசாமியின் இருபத்திரண்டு அங்குலம்

1957ஆம் வருஷத் தைப்பூசத்தன்று ஐந்தடி எட்டங்குலம் இருந்த கட்டிங் மாஸ்டர் ரத்தினசாமி, 1968ஆம் வருஷத் தைப்பூசத்தன்று மூன்றடி பத்தங்குலம் இருந்தார். இரண்டு தடவையும் அளந்தது அவர் மனைவி சுப்புலட்சுமி. அளந்த டேப்பும் ஒன்றுதான். கூன் விழவில்லை, நோய் நொடி கிடையாது. தலை, கை, கால் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே இருந்தன. ஆள் சின்னதாகிக்கொண்டே வந்தார், அவ்வளவுதான். அந்தப் பதினொரு வருஷத்தில் திருப்பூரில் நூல் விலை ஏறியது, நொய்யலில் தண்ணீர் குறைந்தது, காதர்பேட்டைப் பக்கம் பனியன் கம்பெனிகள் நாலு மடங்காயின. ரத்தினசாமி குறைந்ததையும் ஊர் அந்த வரிசையில் வைத்துத்தான் பேசியது.

கிட்டுசாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் அவர் வேலைக்குச் சேர்ந்தது 1951இல். அப்போது கம்பெனி என்றால் ஓட்டுக் கட்டடம், நாலு நிட்டிங் மெஷின், ஆறு தையல் மெஷின், ஒரு கட்டிங் மேஜை. மெஷினில் பின்னிய துணி ஆற்றோரச் சலவைப் பட்டறைக்குப் போய் வெளுத்துக் காய்ந்து வரும். வந்த துணியை ரத்தினசாமி உடனே தொடமாட்டார். பலகையில் தளர்வாக மடித்துப் போட்டு இரண்டு நாள் விட்டுவிடுவார். பின்னல் துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். மெஷின் இழுத்திருக்கும், துவைத்தவன் இழுத்திருப்பான், கொடியில் தொங்கும்போது அதன் ஈரமே அதை இழுத்திருக்கும். இரண்டு நாள் சும்மா கிடந்தால்தான் தன்னுடைய உண்மையான அகலத்துக்கு வந்து சேரும். அப்புறம் வெட்டினால் நாற்பது துவைப்புக்கும் அளவு மாறாது. நல்ல பனியன் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் நூலையும் சொல்லமாட்டார், தையலையும் சொல்லமாட்டார். "துணி படுத்து எந்திரிச்சிருக்கோணுங்க," என்பார். வெட்டி முடித்த ஒவ்வொரு துணிக்கட்டின்மேலும் ஒரு சீட்டில் நீலப் பென்சிலால் அளவை எழுதி வைப்பது அவர் வேலை. மற்ற மாஸ்டர்களுக்கு அது ஒரு நம்பர். ரத்தினசாமிக்கு அது கொடுத்த வாக்கு. மனுஷனைத் தின்றது இந்தக் குணம்தான்.

1957 மாசியில் முதலாளி ஒரு காலண்டர் மெஷின் வாங்கினார். அது துணியைச் சட்டத்தில் மாட்டி அகலவாக்கில் இழுத்து, ஆவி காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்துத் தள்ளும். முப்பத்திநாலு அங்குல மார்புக்கு உண்டான துணி, முப்பத்தாறாக வெளியே வந்து மொடமொடவென்று நிற்கும். ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது. துணியைப் படுக்கப் போட இடமும் இல்லை, நேரமும் இல்லை. சூடு ஆறுவதற்குள் மேஜைக்கு வந்துவிடும். "ஊரே இப்படித்தான் பண்ணுதுங்க மாஸ்டர். நாம மட்டும் துணிக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டு இருந்தா ஆகுங்களா?" என்றார் முதலாளி. ரத்தினசாமி வெட்டினார். சீட்டில் முப்பத்தாறு என்று எழுதினார். எழுதும்போது, முருகா, இது முப்பத்தாறாகவே நிற்கவேண்டும் என்று மனசார நினைத்துக்கொண்டார். பழனிக்கு நடப்பதற்குமுன் புதுச்சட்டை தைத்துப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அடுத்த தைப்பூசத்துக்கு அதற்காகச் சுப்புலட்சுமி அளந்தபோது ஆள் இரண்டு அங்குலம் குறைந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அவிநாசியில் ஒரு வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு அங்குலம், தவறாமல் போனது. இரண்டு நாளில் பழனி போய்ச் சேர்கிறவருக்கு மூன்று நாளாயிற்று, பிறகு ஐந்து நாளாயிற்று. கம்பெனியில் அவருக்காக முதலில் ஒரு முக்காலி போட்டார்கள். முக்காலியில் நின்று வெட்டினால் வேகம் வரவில்லை என்று மேஜையின் காலை அறுத்தார்கள். வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு முந்தின நாள் ஆசாரி வந்து நாலு காலிலும் ஒவ்வோர் அங்குலம் அறுத்துவிட்டுப் போவார். துணியை இரண்டு நாள் படுக்கப் போடுவதைவிட அது சுலபமாக இருந்தது. கிட்டுசாமி ஒன்றும் கெட்டவர் அல்ல. ஒவ்வொரு தடவையும், "உசரம் தோதா இருக்குதுங்களா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆசாரியை அனுப்புவார்.

பனியன் பக்கத்துச் சங்கதி வேறாக இருந்தது. இழுத்து வெட்டிய மற்ற கம்பெனிப் பனியன்கள் முதல் துவைப்பிலேயே தொப்புளுக்கு மேலே ஏறின. கிட்டுசாமி கம்பெனிப் பனியன் மட்டும் அசையவில்லை. பாலக்காட்டுக்கும் கல்கத்தாவுக்கும் சரக்கு அனுப்புகிற காதர்பேட்டை மொத்த வியாபாரி உமர், இது எப்படி என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அதே நூல், அதே மெஷின், அதே அவசரம். ஒருநாள் ரத்தினசாமி மேஜையோரமாக நடந்து போவதைப் பார்த்தபோது உமருக்கு விளங்கிவிட்டது. துணியில் இல்லாத அங்குலம் எங்கிருந்தாவது வந்தாகவேண்டும். அது மாஸ்டரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எனக்கும் தெரியுமுங்க பாய்," என்றார் ரத்தினசாமி.

அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. சாயங்காலம் பென்சிலைக் கீழே வைக்கும்போது எலும்புக்குள் ஏதோ உருவிப் போவது போலிருக்கும். அப்படி ஓர் அசதி. ஆனாலும் எங்கோ பாலக்காட்டில் முன்பின் தெரியாத ஒருவன் கையைத் தூக்குகிறான், அவன் பனியன் இடுப்பை விட்டு ஏறவில்லை, அங்கே நான் கொஞ்சம் இருக்கிறேன் என்று நினைக்கும்போது அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுச் சுப்புலட்சுமியிடம் மட்டும் சொன்னார். அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. "யாரு யாருக்கோ அளவு சரியா இருக்கோணும்னு நீங்க கரைஞ்சு போறீங்க. கடைசீல எனக்கு யாருங்க மிச்சம்?" என்று கேட்டாள்.

1968 மாசியில் கல்கத்தாவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அதுவரை அந்தக் கம்பெனி பார்க்காத ஆர்டர், அத்தனையும் முப்பத்தாறு. கொண்டு வந்தது உமர்தான், லாபமும் அவருக்குத்தான். இருந்தும் மறுநாள் காலையில் ரத்தினசாமி வீட்டு வாசலில் வந்து நின்றார். "கணக்குப் போட்டுப் பார்த்தேனுங்க மாஸ்டர். இது முடியறப்ப நீங்க ஒரு கத்திரிக்கோல் உசரங்கூட இருக்கமாட்டீங்க. என்ற வாயால சொல்லாம இருக்க முடியலீங்க." சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். சுப்புலட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ரத்தினசாமி முதலாளியிடம் போய், துணியை இரண்டு நாள் படுக்க விட்டுப் பிறகு வெட்டலாம் என்று கேட்டுப் பார்த்தார். லாரி நிற்கிறது என்றார் முதலாளி. ரத்தினசாமி மேஜைக்கு வந்து, இழுத்த துணியை வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டி, எல்லாச் சீட்டிலும் முப்பத்திநாலு என்று எழுதினார். முதலாளி ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"என்னங்க மாஸ்டர், ஆர்டர் முப்பத்தாறல்லங்களா?"

"துணி முப்பத்திநாலுங்க."

"இத்தன வருசமா எழுதுனீங்களே?"

"எழுதுனேனுங்க. இனி முடியாதுங்க."

கிட்டுசாமி சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீலப் பென்சிலை வாங்கி, ஒவ்வொரு சீட்டையும் அடித்துத் தன் கையாலேயே முப்பத்தாறு என்று எழுதினார். எழுதி முடிக்க மூன்று நாளாயிற்று. துணி படுத்து எழுந்திரிக்க அதைவிடக் குறைந்த நாள்தான் ஆகியிருக்கும். தானும் குறைந்துபோவோமோ என்று பயந்து, முதலாளி ஒரு வாரம் தினமும் தன்னை அளந்து பார்த்தார். ஒரு நூல்கூடக் குறையவில்லை. ரத்தினசாமி அதற்குள் கணக்கு முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கல்கத்தாவில் முதல் துவைப்பிலேயே அத்தனையும் சுருங்கின. தந்தி வந்தது, கடிதம் வந்தது, பாதிச் சரக்கு திரும்பி வந்தது. கிட்டுசாமி ஒரு வெள்ளிக்கிழமை நெற்றி நிறையத் திருநீறுடன் ரத்தினசாமி வீட்டுக்கு வந்தார். அவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்காராமல், உயரம் சரியாக வரட்டும் என்று தரையில் உட்கார்ந்தார். "உங்க கைல எழுதுனாத்தானுங்க நிக்குது. கம்பெனில பாதி பங்கு எழுதி வெக்கறேன். வாங்க சாமி," என்றார். ரத்தினசாமிக்கு ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டது. பங்குக்காக அல்ல. தன் கை எழுதினால் நிற்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னதற்காக. "துணியப் படுக்க விடுவீங்களா?" என்று கேட்டார். முதலாளி விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "முடியாதுங்களே," என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

ஊர் வேறு வழி கண்டுபிடித்தது. முப்பத்திநாலு வேண்டுமென்றால் முப்பத்தாறாகக் கேட்டு வாங்க ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். துவைத்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர்களே சொல்லிக் கொடுத்தார்கள். கல்கத்தாவும் பாலக்காடும் பழகிக்கொண்டன. நாலைந்து வருஷத்தில், சுருங்காத பனியன் ஒன்று இருந்தது என்று யாராவது சொன்னால் கேட்கிறவர்கள் சிரித்தார்கள். ரத்தினசாமி வீட்டு முன்னறையில் தாழ்வாக ஒரு மேஜை போட்டு, இரண்டு நாள் கிடந்த துணியில் வாரத்துக்குப் பத்து டஜன் வெட்டினார், சுப்புலட்சுமி தைத்தாள். மூன்றடி பத்தங்குலம் அப்படியே நின்றது. போனது திரும்பி வரவில்லை.

1974 சித்திரையில் கொமரலிங்கத்து விவசாயி திருமூர்த்தி அந்த வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். வாட்டசாட்டமான ஆள். 1966இல் உடுமலையில் வாங்கிய கிட்டுசாமி கம்பெனிப் பனியனைப் போட்டிருந்தார். எட்டு வருஷம் வயல் சேற்றிலும் வாய்க்கால் தண்ணீரிலும் கிடந்தது, இன்னும் இடுப்புக்குக் கீழேதான் நின்றது. அதே மாதிரி அரை டஜன் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார். அவர்கள் விஷயத்தைச் சொல்லி இங்கே அனுப்பியிருக்கிறார்கள். ரத்தினசாமி அவரைத் தரையில் உட்காரச் சொல்லி, சட்டையை விலக்கி, மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். முப்பத்தாறு. பின்னல் பழுப்பேறி நைந்திருந்தது, ஆனால் அளவில் குறையில்லை. டேப்பை எடுக்க மனசு வராமல் கொஞ்சநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"துணி இன்னைக்குத்தான் சலவைல இருந்து வந்துதுங்க. ரெண்டு நாள் படுக்கோணும்."

"படுக்கட்டுமுங்க. வெள்ளாமைக்காரனுக்குக் காத்திருக்கறதையா சொல்லித் தரோணும்? அக்கா ஊடு இங்கதான் இருக்குது," என்றார் திருமூர்த்தி. பிறகு குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டு, இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறவரைப் போல, "இதுல ரெண்டு இஞ்ச் உங்களுதுன்னு சொன்னாங்க. தெரியாமப் போட்டுட்டேனுங்க. கழட்டித் தரட்டுங்களா?" என்று கேட்டார்.

ரத்தினசாமி டேப்பைச் சுருட்டினார். "வேண்டாமுங்க, போட்டுக்குங்க," என்றார். "அது உங்களுக்குத்தான் சரியா இருக்குது."

திருமூர்த்தி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் காலையில் வந்து அரை டஜன் பனியனை வாங்கிக்கொண்டு உடுமலை பஸ் ஏறினார்.