வேலிக்கு வெளியே உள்ளூர்

"உள்ளூர்னா எதுங்க சார்?"

பட்டாபியின் பேனா பாதியில் நின்றது. தில்லி அமைச்சகத்தில் பதினெட்டு வருஷ உத்தியோகம். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

கேட்டவர் ரத்தினவேல். வெண்மலைச் சுரங்கத்துக்கு நாலு ஏக்கரைக் கொடுத்தவர். ஜனவரிக் குளிருக்குத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, கம்பெனி அனுப்பிய கடிதத்தையும் தன் மனுவையும் நீட்டினார். மகன் செல்வராஜ், ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். சுரங்கத்தில் வேலை கேட்ட விண்ணப்பம் தள்ளுபடி. காரணம்: 'உள்ளூர்வாசி அல்ல.'

"இப்போ எங்கே இருக்கேள்?"

"சுரங்கத்துக்கு ஊரையே எடுத்துட்டாங்கல்லங்க. வேலிக்கு அந்தாண்ட, ஆறு மைல் தள்ளிக் குடி வச்சாங்க. வேலிக்குள்ள காலனி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். பூராம் வெளியூர்க்காரங்க. அவங்க பிள்ளைங்க உள்ளூராமுங்க!"

பட்டாபி எழுந்து அலமாரியைத் திறந்தார். பழைய பைலைப் புரட்டினார். 1971. 'உள்ளூர்வாசி: திட்ட எல்லைக்குள் குடியிருப்பவர்.' கீழே பட்டாபியின் சுருக்கொப்பமேதான். கச்சிதமான டிராஃப்ட் என்று அன்று முதுகில் தட்டினார்கள். கிட்வாய் நகரில் அவர் வீட்டில் கேசரிகூடக் கிளறினார்கள். எல்லைக்குள் இருப்பவனைத்தானே முதலில் கிளப்புவார்கள்? அது ஏன் உறைக்கவில்லை?

மேலதிகாரி சேஷன் அறைக்கு ஓடினார்.

"சார், 'குடியிருப்பவர்'ங்கறதை 'குடியிருந்தவர்'னு மாத்தினா போறும். ஒரே வார்த்தை!"

"ஒரு வார்த்தையா ஓய்? ஃபைனான்ஸ் பார்க்கணும், லா பார்க்கணும். ஜல்தின்னாலும் ரெண்டு வருஷம்."

"ஆள் எடுக்கறது இந்த மாசத்தோட முடியறது, சார்."

"அச்சா, மனுவை வாங்கி வையும். எழுதினது நீர்தானே? அப்போ தூங்கிண்டிருந்தீரா?"

திரும்பி வந்தார். ரத்தினவேல் நின்றபடியே இருந்தார்.

"இதை எழுதுனவரு யாருங்க சார்? அவரு காலைப் புடிச்சாவது கேட்டுப் பாக்கறனுங்க."

பட்டாபி மேஜைக்கு அடியில் கால்களை இழுத்துக்கொண்டார்.

"விலாசம் சொல்லுங்கோ. பதில் வரும்."

"கல்லுப்பட்டி, வெண்மலை..." சட்டென்று நிறுத்தினார் ரத்தினவேல். "அது இப்பக் குழிங்களே. புது எடத்துக்கு இன்னும் பேர் வைக்கலீங்க. தபால்காரரும் வர்றதில்லீங்க."

விலாசம் இல்லாத மனுவை வாங்கக்கூடாது. அதுவும் விதிதான்.

பட்டாபி மனுவில் விலாசம் 'கல்லுப்பட்டி' என்றே எழுதி, முத்திரை குத்தினார்.