ஆதிகேசவன் சொன்ன மழை

அப்பாவின் முகத்தில் உட்கார்ந்த ஈயை விசிறியால் ஓட்டிக்கொண்டிருந்த கெங்கம்மாளின் கை, தம்பி சொன்னதைக் கேட்டதும் நின்றுவிட்டது.

"சாயந்தரத்துக்குள்ள புயல் மழ வந்துரும் சித்தப்பா. கொசஸ்தலை ஆத்துல தண்ணி வந்துட்டா சுடுகாட்டுக்கு எப்பிடிப் போறது? இப்பவே எடுத்துரலாம்."

மூத்தவன் துளசிராமன் பிலாயிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தான். சாயந்தரம் திருவாலங்காட்டில் இறங்குவான். நான் வரும்வரை எடுக்காதீர்கள் என்று தந்தி கொடுத்திருந்தான். அப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்தவன். அவன் இல்லாவிட்டால் இளையவன் ஆதிகேசவன். இது ஆதிகேசவனுக்குத் தெரியாதா என்ன?

அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று நாலு வருஷம். எழுபதில் இவனுக்குப் பூனாவில் வானிலை ஆராய்ச்சி வேலை கிடைத்தபோது, "காத்த எண்ணறதுக்கு ஒரு சம்பளமா?" என்று துளசிராமன் பந்தியிலேயே கேலி பண்ணினான். தம்பி இலையை மடித்துவிட்டு எழுந்தவன்தான். அப்படிப்பட்டவனுக்கு இன்றைக்குப் பார்த்தா மழை தெரிய வேண்டும்? ஐப்பசி முழுக்க ஒரு தூறல் இல்லை.

கெங்கம்மாள் தம்பியை மாட்டுக்கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நிசமா மழ வருமா? இல்ல, அண்ணன் வர்றதுக்குள்ள நீ கொள்ளி வெச்சிரணும்னு பாக்கிறியா?"

"இன்னாக்கா இப்பிடிக் கேக்கற? கடல்ல காத்து சுத்திக்கினு இருக்குது. ஒசரத்துல வீசற காத்து அத்தக் கரைக்குத் தள்ளிக்கினு வருது. ஒலகத்துக் காத்தயெல்லாம் கட்டம் கட்டமாப் பிரிச்சு, பம்பாய்ல கம்ப்யூட்டர்ல போட்டுக் கணக்குப் பாக்கறதுதான் என் வேல. எனக்குத் தெரியாதா?"

"உன் கட்டத்துல நம்ம ஊரு எங்க இருக்குது?"



"மெட்ராசு, வேலூரு, கடப்பா எல்லாம் ஒரே கட்டத்துல அடங்கிரும்க்கா. நம்ம ஊரு தனியாத் தெரியாது."

"அப்பறம்?"

"வரும்க்கா."

அழுது சிவந்த கண். அதில் பொய் இருக்கிறதா என்று கூடப்பிறந்தவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா இரண்டாவது நாளாகக் கிடந்தார். மழையில் மாட்டிக்கொண்டால் இன்னும் எத்தனை நாளோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சித்தப்பா வந்து, "நீ இன்னாமா சொல்ற?" என்று கேட்டபோது எடுக்கச் சொல்லிவிட்டாள்.

கொள்ளி வைத்துவிட்டு ஆதிகேசவன் திரும்பியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. மேகம் வடக்கே ஒதுங்கிவிட்டது. அவன் வாசலில் நின்று கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "படிச்ச புள்ள, காரியத்த முடிச்சிக்கினான்" என்று பக்கத்து வீட்டு ஞானம்மா யாரிடமோ சொன்னது கெங்கம்மாள் காதில் விழுந்தது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அது அவளுக்குத் தாங்கவில்லை.

ரயில் ஊதிற்று. பிணம் போனதுமே வீடு கழுவியாகிவிட்டது. ஆனாலும் கெங்கம்மாள் குடத்தை எடுத்தாள். கிணற்றிலிருந்து சேந்திச் சேந்தி வாசலில் கொட்டினாள். வைக்கோல் போரில் கொட்டினாள். கொட்டகைக் கூரைமேல் எட்டியமட்டும் வீசினாள். ஆதிகேசவன் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

துளசிராமன் டிரங்குப் பெட்டியோடு வந்தான். முழங்கால்வரை புழுதி. ஈரம் தொடங்கிய இடத்தில் நின்றான். திறந்த கதவுக்குள் பார்த்தான். உள்ளே யாரையும் கிடத்தியிருக்கவில்லை.

"இங்க மட்டும் பேஞ்சுதா?"

"ஆமாண்ணா" என்றாள் கெங்கம்மாள்.

அவன் தம்பியைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, ஈரத்தில் கால் வைத்தான்.