தெரு சுருங்கிய அளவு

“தெரு நகரலேன்னா என் மீனு நல்ல மீனு. அவ்ளோதானே?”

“அவ்ளோதான். துளி நகர்ந்தாலும் சொல்லிடுவேன், கோச்சுக்கப்படாது.”

கேட்டவள் மீன் விற்கும் இசக்கியம்மாள். பதில் சொன்னவள் சூடாமணி. 1946இல் உணவிலுள்ள, உடம்பைத் தடிக்கவைக்கும் ஹிஸ்டமினை அளக்க மந்தைவெளியில் சூடாமணியின் மாடி அறைக்குத்தான் வருவார்கள். கினிப்பன்றிக் குடலின் ஒரு துண்டை வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டு, உணவின் சாற்றைச் சொட்டுவாள். ஹிஸ்டமின் இருந்தால் குடல் சுருங்கும். கூடவே கீழே தெருவும் சுருங்கும். தக்காளிக்கு ஒரு விரற்கடை, கத்தரிக்காய்க்கு இரண்டு. குடலைக் கழுவியதும் வீடுகள் பழைய இடத்துக்குப் போய்விடும். எதிர்வீட்டு ஜானு கோலத்தைச் சற்றுச் சிறிதாகப் போடப் பழகியிருந்தாள். வேறு புகார் இல்லை.

திருவல்லிக்கேணிக் கல்யாணம் ஒன்றில் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் முகம் சிவந்து தடித்தது. சுகாதார ஆபீசர் இசக்கியம்மாளின் கடையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மீன்மேல் குற்றம் என்றால் கடை அவளுக்கு இனி இல்லை. கல்யாணச் சமையற்காரர் மெஹபூப் அலியோ, மாப்பிள்ளை ஊர்வலம் வரும்வரை மீனை மஞ்சள் தடவி வெயிலில் வைத்திருந்தார். வாடை வந்ததும் புளித்தண்ணீரில் கழுவினார். வாடையோடு கெடுதலும் போயிற்று என்று நம்பினார்.

காலையில் கரையிலிருந்து இசக்கியம்மாள் கொண்டுவந்த ஒரு வஞ்சிரத்தைச் சூடாமணி இரண்டாக வெட்டச் சொன்னாள். தெரு நகர்கிறதா என்று அளக்க ஆபீசர் தெரு நடுவில் கைகளை விரித்து நின்றார். முதல் பாதியின் சாறு விழுந்தது. தெரு அசையவில்லை. மறுபாதியை மெஹபூப் அலி தம் வழக்கப்படி வெயிலில் வைத்து, புளியில் கழுவி, கொதிக்கவும் வைத்து மாலையில் கொண்டுவந்தார்.

“மோந்து பாரும்மா, வாடையே இல்லே!”

ஆபீசர் மறுபடி கைகளை விரித்தார். ஒரே சொட்டு. இருபக்க வீடுகளும் அவசரமில்லாமல் முன்னால் வந்து அவருடைய உள்ளங்கைகளில் முட்டி நின்றன. எதிரெதிர் மாடிக்காரர்கள் ஜன்னல் வழியே கைகுலுக்கிக்கொண்டார்கள்.

“இன்னா பாய், வாடையில்லாத மீனு வூட்டையே இஸ்துகினு வருது!” என்றாள் இசக்கியம்மாள்.

“தப்பு நம்மளுதுதான்மா,” என்றார் மெஹபூப் அலி. தெருவே கைதட்டியது.

எவ்வளவு கழுவியும் அந்த முறை வீடுகள் திரும்பிப் போகவில்லை. பிற்பாடு வந்த சர்வேயர்கள் புதிய அகலத்தையே குறித்துக்கொண்டார்கள். மாட்டுவண்டிகள் அடுத்த தெருவில் போயின. அதுமுதல் கல்யாண மீன் கூடையிலிருந்து நேரே அடுப்புக்குப் போயிற்று.

அன்று மாலை, இன்னும் கையை இறக்காத ஆபீசர் முன்னால் இசக்கியம்மாள் நிமிர்ந்து நின்று கையை நீட்டினாள்.

“சாவியக் குடு, நைனா.”